பேசாத வழக்கறிஞர்

வழக்கறிஞர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் எழும் உருவம் பெரும்பாலும் ஒன்றே. கறுப்பு அங்கி அணிந்து, எதிர்த்தரப்புச் சாட்சியைக் கேள்விமேற் கேள்வி கேட்டு மடக்கி, நீதிபதியையும் வியக்கவைக்கும் சொல்வல்லார் ஒருவரின் உருவம் அது. நாடக மேடையும் திரைப்படமும் அவ்வுருவத்தை நம் உள்ளத்தில் ஊன்றிவிட்டன. ஆனால், பம்பாய் உயர்நீதிமன்றத்தில், பெருந்தொகை வழக்குகள் முதன்முதலாக நேரே தொடுக்கப்படும் மூல வழக்குப் பிரிவில், நூறாண்டுகளுக்கு மேலாக, எழுந்து வாதாடும் உரிமையில்லாத சட்ட வல்லுநர் ஒரு வகுப்பினர் இருந்துவந்தனர் என்பதைப் பலர் அறியார். அவர்களே அட்டர்னிகள், சொலிசிட்டர்கள் என்றும் அவர்களை அழைப்பதுண்டு. பேச உரிமையில்லாதவர் எவ்வாறு வழக்கறிஞராக இருக்கமுடியும், அவர் நாள்தோறும் செய்த பணிதான் யாது, அப்பணிக்கும் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நம் தமிழ் மக்களுக்கும் உள்ள தொடர்பு என்ன என்பனவற்றை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சொல்லிலிருந்து தொடங்குவதே வழக்கம். அட்டர்னி என்பது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘தன் இடத்தில் நிற்குமாறு ஒருவரால் நியமிக்கப்பட்டவர்’ என்பது அதன் பொருள். நாம் நன்கறிந்த வக்கீல் என்பது அரபுச் சொல். ‘ஒரு காரியம் ஒப்படைக்கப்பட்டவர்’ என்று பொருள்படும். அதனின்று பிறந்ததே வக்காலத்து. ‘அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?’ என்று வீட்டில் நாம் கேட்கும்போது, நீதிமன்றத்துப் பத்திரம் ஒன்றின் பெயரைத்தான் நம்மையறியாமலே சொல்லுகிறோம். அதிகாரப் பத்திரத்தை இலங்கைத் தமிழர் ‘அற்றோணித் தத்துவம்’ என்று எழுதுவர். இச்சொற்கள் எவற்றிலும் பேச்சு என்னும் பொருள் இல்லை என்பது கருதத்தக்கது. பிறர்க்காக நிற்றலே இவற்றின் உட்பொருள். நம் வழக்கறிஞர் என்ற சொல்லும் வழக்கை அறிந்தவர் என்றே கூறுகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையால் போர்ச்சுகீசியரிடமிருந்து ஆங்கில மன்னர்க்குக் கிடைத்த பம்பாய்த் தீவு, 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1672இல் ஆளுநர் ஜெரால்டு ஆங்கியர் அங்கு ஆங்கிலச் சட்டப்படி நடக்கும் நீதிமன்றம் ஒன்றை நிறுவினார். பின்னர் 1726ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கும் மேயர் நீதிமன்றங்கள் அளிக்கப்பட்டன. அவற்றில் நீதிபதிகளாக அமர்ந்தோர் பெரும்பாலும் சட்டம் பயிலாத வணிகரே. 1798இல் பம்பாய்க்கு ரிக்கார்டர் நீதிமன்றமும், 1824இல் சுப்ரீம் கோர்ட்டும் வந்தன. 1862இல் மூன்று மாநகரங்களிலும் உயர்நீதிமன்றங்கள் தோன்றின. பம்பாய் உயர்நீதிமன்றம் பணி தொடங்கிய நாள் அவ்வாண்டு ஆகஸ்டு 14. இன்று நாம் காணும் கோதிக் பாணிக் கட்டடம் 1871இல் தொடங்கப்பெற்று 1878இல் முடிவுற்றது.

இங்கிலாந்திலிருந்து சட்டம் மட்டும் கப்பலேறி வரவில்லை. சட்டத் தொழிலின் இருபிரிவு முறையும் உடன் வந்தது. வழக்கை உருவாக்குபவர் ஒருவர். அதனை நீதிமன்றத்தில் எடுத்துரைப்பவர் வேறொருவர். முன்னவர் அட்டர்னி, பின்னவர் பாரிஸ்டர். கட்சிக்காரர் பாரிஸ்டரை நேரே அணுக இயலாது. அட்டர்னி அவர் கூறுவதைக் கேட்டு, ஆவணங்களைத் திரட்டி, வழக்கின் செய்திகளை முறைப்படுத்தி எழுதிப் பாரிஸ்டரிடம் ஒப்படைப்பார். சென்னையில் வக்கீல்கள் மூல வழக்குப் பிரிவிலும் வாதாடும் உரிமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெற்றுவிட்டமையால், அங்கு இப்பிரிவினை விரைவில் தளர்ந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலுமே அது நெடுங்காலம் நிலைத்தது.

இதற்குக் காரணம் வெறும் பழக்கம் மட்டுமன்று. பம்பாய் ஒரு துறைமுகம். பருத்தி, அபினி, கப்பல், காப்பீடு, பஞ்சாலை என்று வாணிகம் பெருகப் பெருக, பத்திரங்களும் பெருகின. வழக்காடுவோர் குஜராத்தி, மராத்தி, கொங்கணி, உருது, தமிழ் எனப் பல மொழியினர். நீதிபதிக்குத் தெரிந்ததோ ஆங்கிலம். இவ்விரு கரைகளுக்கும் இடையே ஒரு பாலம் தேவைப்பட்டது. அட்டர்னியே அப்பாலமாக அமைந்தார். பத்ருதீன் தயாப்ஜி 1867இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முதல் இந்தியப் பாரிஸ்டர் ஆனார். 1887இல் நம் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவர் இவரே. இவருக்கு முன்பே இவருடைய தமையனார் கம்ருதீன் இங்கிலாந்து சென்று பயின்று சொலிசிட்டர் ஆகியிருந்தார். தம்பி மன்றத்தில் பேச, தமையனார் அலுவலகத்தில் எழுத, ஒரே குடும்பத்தில் இரு பிரிவுகளும் விளங்கின. கிராஃபோர்டு பெய்லி, லிட்டில், வாடியா காந்தி, முல்லா முதலிய சொலிசிட்டர் கம்பெனிகள் அந்நூற்றாண்டில் எழுந்தவையே. அட்டர்னிகளின் சங்கமாகிய பம்பாய் லா சொசைட்டி 1894இல் நிறுவப்பெற்றது. அட்டர்னி ஆக விரும்பும் இளைஞர் அனுபவமுள்ள ஒருவரிடம் மூன்றாண்டுகள் உடனிருந்து தொழில் பயின்ற பின்னரே தேர்வில் அமர முடியும். குருகுலவாசம் போன்ற ஏற்பாடு அது.

அட்டர்னியின் ஒருநாட்பணி எவ்வாறிருக்கும்? காலையில் கட்சிக்காரர் வருகிறார். அவர் தம் குறையைத் தொடக்கத்திலிருந்து சொல்வதில்லை. எது தம்மை மிகவும் புண்படுத்தியதோ அதிலிருந்தே தொடங்குவார். பங்காளி தம்மை ஏசியதைச் சொல்வார். பணம் கொடுத்த தேதியைச் சொல்லமாட்டார். அட்டர்னி பொறுமையாகக் கேட்டு, ‘எப்போது கொடுத்தீர்? யார் முன்னிலையில்? எழுத்து உண்டா? அது எங்கே இருக்கிறது?’ என்று வினவித் தேதிவாரியாகக் குறித்துக்கொள்வார். மனத்தாங்கலிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்கும் இவ்வேலையே அவர் தொழிலின் முதற்படி. இரண்டு மணி நேரப் பேச்சிலிருந்து இரண்டு பக்கக் குறிப்பு எழும். அதில் நீதிமன்றத்துக்குப் பயன்படுவது ஒரு பக்கமாக இருந்தால் பெரிது.

அடுத்தபடி நோட்டீஸ். ‘எமது கட்சிக்காரரின் அறிவுறுத்தலின்படி’ என்று தொடங்கும் அக்கடிதத்தைப் பெற்று அஞ்சாதார் இலர். ஆனால், அது அச்சுறுத்துவதற்காக மட்டும் எழுதப்படுவதன்று. அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுப்பதாயின், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்கவேண்டும். மாத வாடகைக் குடியிருப்பை முடிவுக்குக் கொண்டுவர, சொத்து மாற்றச் சட்டத்தின் 106ஆம் பிரிவு 15 நாள் நோட்டீஸ் வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தை ஒட்டிய வழக்குகளுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு, அசையாச் சொத்தின் அனுபவத்தை மீட்பதற்கு 12 ஆண்டு எனக் காலவரையறைச் சட்டம் எல்லை வகுத்துள்ளது. கடன் கொடுத்தவர் ஊருக்குச் சென்று தங்கிவிட்டு, நான்காம் ஆண்டில் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தால், பத்திரம் உண்மையானதாயினும் பணம் திரும்பாமற் போகலாம். ஆகவே அட்டர்னியின் மேசைமேல் சட்டப் புத்தகத்தினும் முதன்மையானது நாட்காட்டி எனலாம்.

நோட்டீசுக்குப் பயன் இல்லையாயின், பிராது எழுதப்படும். வாதி யார், பிரதிவாதி யார், என்று என்ன நடந்தது, வாதி வேண்டுவது என்ன என்பன பத்தி பத்தியாக எண்ணிடப்படும். கட்சிக்காரர் அதனைப் படித்து, அல்லது தம் மொழியில் படிக்கக் கேட்டு, உண்மையென உறுதிகூறிக் கையொப்பமிடுவார். முத்திரைக் கட்டணம் கணக்கிடப்படும். குமாஸ்தா அதனைப் புரோத்தனோட்டரி என்ற பழம்பெயரால் இன்றும் வழங்கும் நீதிமன்ற அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்து எண் பெற்று வருவார். பிறகு வழக்கின் ஆவணங்கள் அனைத்தும் வரிசைப்படுத்தப்பட்டு, அறிவுரைக் குறிப்புடன் பாரிஸ்டரின் அறைக்குச் செல்லும். மாலையில் அங்கே ஆலோசனை நடைபெறும். மறுநாள் மன்றத்தில் பாரிஸ்டர் முழங்கும்போது, அவர் பின்னே அமர்ந்திருக்கும் அட்டர்னி, வேண்டிய தாளை வேண்டிய நொடியில் எடுத்துக் கொடுப்பார். முழக்கம் செய்தித்தாளில் வரும். தாளை எடுத்துக் கொடுத்தவரின் பெயர் வாராது.

வழக்கு முடிந்தபின் கட்டணக் கணக்கு. எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும், சென்ற ஒவ்வொரு சந்திப்புக்கும், எடுத்த ஒவ்வொரு நகலுக்கும் தனித்தனியே தொகை குறிக்கப்படும். அக்கணக்கைச் சரிபார்த்து, மிகையானவற்றை வெட்டுவதற்கென்றே உயர்நீதிமன்றத்தில் டாக்சிங் மாஸ்டர் என்ற அதிகாரி ஒருவர் இருந்தார். அட்டர்னியின் உழைப்பு மட்டுமன்றி, ஊதியமும் எழுத்தில் அமைந்து தணிக்கைக்கு உட்பட்டதென்பது இதனால் விளங்கும்.

வழக்கே இல்லாத நாட்களிலும் அட்டர்னிக்கு வேலையுண்டு. வீடு வாங்குபவர்க்காகப் பதிவு அலுவலகத்தில் முப்பதாண்டுப் பதிவுகளைப் புரட்டி, வில்லங்கம் உண்டா என ஆராய்வார். ‘இச்சொத்தின்மீது உரிமை கோருவோர் இத்தனை நாட்களுக்குள் தெரிவிக்க’ என்று செய்தித்தாளில் பொது அறிவிப்பு வெளியிடுவார். உயில் எழுதுவார், பங்குதாரர் ஒப்பந்தம் எழுதுவார், அறக்கட்டளைப் பத்திரம் எழுதுவார். இப்பணிகளின் நோக்கம் வழக்கில் வெல்வதன்று. வழக்கே எழாமற் காப்பதாகும். நோய்க்கு மருந்து கொடுப்பதினும் நோய் வாராமல் தடுப்பது மேல் என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய அறமன்று.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இவ்வேறுபாட்டை நன்கு காட்டும் வரலாறு ஒன்று உண்டு. 1891இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பிய காந்தியடிகள், பம்பாயில் தொழில் நடத்த முயன்றார். முதல் வழக்கு, சிறுவழக்கு நீதிமன்றத்தில் மமிபாய் என்ற பெண்மணிக்காக. கட்டணம் 30 ரூபாய். வழக்குப் பிடித்துத் தரும் தரகர்க்குப் பங்கு கொடுக்க மறுத்து அவ்வழக்கை ஏற்றார். எதிர்த்தரப்புச் சாட்சியை வினவ எழுந்தபோது தலை சுழன்றது, கேள்வி ஒன்றும் தோன்றவில்லை, அமர்ந்துவிட்டார். வழக்கு 51 ரூபாய்க்கு வேறொரு வக்கீலிடம் சென்றது. ஆனால், அதே இளைஞர் பின்னர் ராஜ்கோட்டில் மனுக்களும் விண்ணப்பங்களும் எழுதிக் கொடுத்து மாதம் ஏறத்தாழ 300 ரூபாய் ஈட்டினார். நாவு தயங்கிய இடத்தில் பேனா கைகொடுத்தது.

அங்கிருந்து அவர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றதும் இத்தகைய பணிக்கே. தாதா அப்துல்லா கம்பெனியின் 40,000 பவுன் வழக்கில் பிரிட்டோரியா நகரத்து அட்டர்னி ஒருவர்க்குத் துணையாக இருந்து, வழக்கின் செய்திகளைத் திரட்டுவதும் குஜராத்திக் கடிதங்களை மொழிபெயர்ப்பதும் அவர் வேலையாக இருந்தன. கணக்கேடுகளை இரவுபகலாக ஆராய்ந்தபின், அவர் இரு தரப்பாரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கவைத்தார். தோற்றவர் 37,000 பவுனையும் செலவுத் தொகையையும் தவணை முறையில் செலுத்தவும் ஏற்பாடு செய்தார். பிரிந்தோரைச் சேர்த்துவைப்பதே வழக்கறிஞரின் உண்மைத் தொழில் என்பதைத் தாம் அப்போது உணர்ந்ததாக அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார்.

அடுத்து 1894இல் டர்பனில் நிகழ்ந்தது நம்மவர்க்கு மிக நெருங்கியது. பாலசுந்தரம் என்ற தமிழர், ஒப்பந்தக் கூலியாகச் சென்றவர், கிழிந்த உடையும், குருதி வழியும் வாயும், உடைந்த இரண்டு முன்பற்களுமாக, தலைப்பாகையைக் கையில் ஏந்திக் காந்தியடிகளின் அலுவலகத்துக்கு வந்தார். அவரை அவருடைய வெள்ளைக்கார எசமானர் அடித்திருந்தார். பாலசுந்தரம் பேசியது தமிழ். காந்தியடிகளின் குமாஸ்தாவும் தமிழராக இருந்தமையால் அவர் குறை ஆங்கிலத்துக்கு வந்தது. அதன்பின் காந்தியடிகள் செய்தவற்றை வரிசையாக நோக்குக. மருத்துவரிடம் அனுப்பிக் காயச் சான்றிதழ் பெற்றார். பிரமாணப் பத்திரம் தயாரித்தார். நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்றார். எசமானர்க்குச் சம்மன் பிறந்தது. ஆனால், தண்டனை வாங்கித் தருவது அவர் நோக்கமன்று. அந்த எசமானரிடமிருந்து விடுவித்து, வேறொருவரிடம் ஒப்பந்தத்தை மாற்றித் தருவதே பாலசுந்தரத்துக்கு வேண்டியது. அதனையே பேசி முடித்தார். இதில் வீர முழக்கம் எங்கும் இல்லை. கேட்டது, மொழிபெயர்த்தது, சான்று பெற்றது, எழுதியது, கட்சிக்காரர்க்கு உண்மையில் வேண்டியது எது என்று தேர்ந்தது ஆகிய இவ்வைந்தே உண்டு. அட்டர்னியின் அன்றாடத் தொழில் முழுவதும் இவ்வைந்தில் அடங்கும் என்று துணிந்து கூறலாம்.

மீண்டும் பம்பாய்க்கு வருவோம். இரட்டைக் கட்டணம் கொடுத்து வழக்காட வேண்டிய முறை ஏழைகட்குப் பெருஞ்சுமை என்ற குறை நெடுநாளாக இருந்தது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் நாடெங்கும் ஒரேவகை வழக்கறிஞரை ஏற்படுத்திய போதும், பம்பாய், கல்கத்தா உயர்நீதிமன்றங்களின் பழைய முறைக்கு விலக்களித்தது. 1976இல் வந்த திருத்தச் சட்டத்தால், 1977 ஜனவரி 1 முதல் அவ்விலக்கும் நீங்கிற்று. அட்டர்னி என்னும் தனிவகுப்பு சட்டத்தில் மறைந்தது. ஆயினும் பணி மறையவில்லை. சொலிசிட்டர் தேர்வை மும்பைச் சங்கம் நடத்திவருகிறது. அக்கம்பெனிகள் பல இன்றும் கோட்டைப் பகுதியிலும் பிற இடங்களிலும் இயங்குகின்றன. தில்லி உச்சநீதிமன்றத்திலோ, பதிவுபெற்ற வழக்கறிஞர் எனப்படும் தனித்தேர்வு பெற்றவர் வாயிலாகவே மனுவைத் தாக்கல் செய்ய முடியும். அவர்க்கு நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகமும், பதிவு செய்யப்பட்ட குமாஸ்தாவும் இருத்தல் வேண்டும். பெயர் வேறாயினும் பழைய அட்டர்னியின் இடம் இதுவே.

பம்பாயில் குடியேறிய தமிழர் வாழ்வில் இவ்வெழுத்துப் பணி எங்கெங்கே குறுக்கிடுகிறது என்பதை இனிக் காண்போம். 1896இல் பரவிய கொள்ளை நோய்க்குப் பின், 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், தீவின் வடபகுதியில் தாதர், மாதுங்கா முதலிய இடங்களைத் திட்டமிட்டு அமைத்தது. அங்கே எழுந்த அடுக்கு வீடுகளில், அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் பணியாற்ற வந்த தென்னிந்தியர் வாடகைக்குக் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் அங்கே தோன்றிற்று. இவர்களுடைய சட்டத் தேவை வாடகையைச் சார்ந்தது. 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்போர்க்குப் பெரும் பாதுகாப்பளித்தது. ஆனால், அப்பாதுகாப்பு யாருக்கு? குடியிருப்பவர் என்று மெய்ப்பிக்கக் கூடியவர்க்கு. பக்டி என்னும் முன்பணம் ரசீதின்றிக் கைமாறிய நகரில், மாத வாடகை ரசீதுக் கட்டு ஒன்றே பல குடும்பங்களின் பெருஞ்சொத்து. தந்தையார் பெயரில் ரசீது, அவர் மறைந்தபின் மகன் குடியிருக்கிறார், ரசீது மாற்றப்படவில்லை. இவ்வகையில் எழுந்த தாவாக்கள் எண்ணிறந்தன.

மாதுங்காவுக்கு அப்பால், சால்செட்டிப் பகுதியிலுள்ள செம்பூருக்குச் சென்றவர்கள் வாடகையிலிருந்து சொந்த வீட்டுக்கு நகர்ந்தனர். 1960ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டமும், 1963ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டமும் அவர்களுடைய உரிமைக்கு வடிவம் தந்தன. பங்குச் சான்றிதழ், ஒப்பந்தம், நியமனப் படிவம் என்று தாள்கள் பெருகின. நியமனப் படிவத்தில் பெயர் எழுதப்பட்டவரே வீட்டின் முழு உரிமையாளர் எனப் பலர் இன்றும் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. சங்கம் நியமனம் பெற்றவர் பெயர்க்குப் பங்கை மாற்றலாம். ஆனால், மற்ற வாரிசுகளின் உரிமையை அது அழித்துவிடாது. இதனை ஒரு வழக்கறிஞர் பத்து நிமிடத்தில் விளக்கியிருந்தால், உடன்பிறந்தோர் பத்தாண்டு வழக்காடாமல் இருந்திருப்பர். அதுபோன்றே ‘பவர் பத்திரம்’ என்னும் அதிகாரப் பத்திரத்தை மட்டும் பெற்று வீடு வாங்கிவிட்டதாக நம்புவோரும் உளர். அட்டர்னி என்ற சொல்லின் பொருளை முன்பே கண்டோம். பிறரிடத்தில் நிற்கும் அதிகாரமே அது, உரிமை மாற்றமன்று. அத்தகைய பத்திரங்களால் சொத்துரிமை மாறாது என்று உச்சநீதிமன்றம் 2011இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமே உரிமை தருவது.

தாராவியின் நிலை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலோடு அங்கு வந்த தமிழர்கள், திருநெல்வேலிச் சீமையினர் பலர், சதுப்பு நிலத்தைத் தம் கையால் மேடாக்கிக் குடியமர்ந்தனர். அவர்களிடம் உழைப்பு இருந்தது, பட்டா இல்லை. இவர்களையொத்த எளிய மக்களின் வழக்கொன்று இந்நாட்டுச் சட்ட வரலாற்றில் நிலையான இடம் பெற்றிருக்கிறது. 1981 ஜூலை 13ஆம் நாள், நடைபாதைகளில் வாழ்வோர் அனைவரும் வெளியேற்றப்பட்டுத் தத்தம் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்படுவர் என மகாராஷ்டிர முதலமைச்சர் அறிவித்தார். அதனை எதிர்த்து ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரும் நடைபாதைவாசிகள் இருவரும் உச்சநீதிமன்றத்தை அடைந்தனர். அவ்விருவருள் ஒருவர் சேலத்துத் தமிழர்.

அவர் கதை தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. நிலமற்ற உழவுத் தொழிலாளியாகிய அவர், மழை பொய்த்து வேலையிழந்து, 1961இல் பம்பாய் வந்தார். தஹிசரில் ஒரு வேதிப்பொருள் தொழிற்சாலையில் நாட்கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலையோர நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்ட கூரை ஒன்றுக்காக, வட்டார முரடன் ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்துக்கொண்டான். மனைவியும் மூன்று பெண்மக்களும் அவருடன் வாழ்ந்தனர். 1981 ஜூலை 23இல் குடில் இடிக்கப்பட்டு, குடும்பத்தோடு சேலம் செல்லும் பேருந்தில் அவர் ஏற்றிவிடப்பட்டார். மனைவியும் மக்களும் ஊரில் தங்கிவிட, வேலை தேடி அவர் மட்டும் மீண்டும் பம்பாய்க்கே திரும்பி, மீண்டும் ஒரு நடைபாதையிற் குடியமர்ந்தார். இவ்வழக்குடன் சேர்த்து விசாரிக்கப்பட்ட மற்றொரு வழக்கு, காமராஜ் நகர் எனப் பெயரிட்டுக்கொண்ட குடியிருப்பைப் பற்றியது. மேற்கு நெடுஞ்சாலையருகே குடிநீர்க் குழாய் பதிக்க வந்த தொழிலாளர் 1960ஐ ஒட்டி அமைத்த ஊர் அது.

இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐந்து நீதிபதிகளும் அந்தக் கித்தான் கூரையின்கீழ் அவரோடு வாழ்ந்து அறிந்தவர்கள் அல்லர். வறட்சி, வந்த ஆண்டு, கூலி, பறிகொடுத்த தொகை, பேருந்து இவையனைத்தும் மனுவின் வாயிலாகவே மன்றத்தை அடைந்தன. யாரோ ஒருவர் அத்தொழிலாளியை எதிரே அமர்த்தி, கேட்டு, அவர் சொன்னதைப் பிரமாணத்துக்கு உரிய மொழியில் எழுதியிராவிடில், நீதிமன்றத்தில் எத்துணைப் பெரிய வழக்கறிஞர் எழுந்தாலும் பேசுவதற்குப் பொருள் இருந்திராது.

1985 ஜூலை 10இல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு, முன்னறிவிப்பின்றியே ஆக்கிரமிப்பை அகற்ற ஆணையாளர்க்கு இடமளிக்கிறது. அப்பிரிவு செல்லும் என்று கூறிய நீதிமன்றம், முன்னறிவிப்புக் கொடுத்து, அவர்கள் கூறுவதைக் கேட்டே அகற்றுவதுதான் பொதுவிதியாக இருத்தல் வேண்டும் என்றும் வகுத்தது. மழைக்காலம் கழியும்வரை, அவ்வாண்டு அக்டோபர் 31க்கு முன் அகற்றலாகாது என்றது. ஆனால், நடைபாதையில் நிலைத்து வாழும் உரிமையை அது அளிக்கவில்லை. மாற்றிடமும் எல்லார்க்கும் வாய்க்கவில்லை. 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவாகி அட்டை பெற்றோர்க்கே அது உறுதியாயிற்று. ஒரே நடைபாதையில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இருவரில், ஒருவர்க்கு வழி பிறக்க மற்றவர்க்கு அடைபட்டதற்கு ஓர் அட்டையே காரணமாகலாம் என்பதை இத்தீர்ப்பு காட்டுகிறது.

இன்றும் அந்நிலை மாறிவிடவில்லை. தாராவி மறுசீரமைப்பில் இலவச வீட்டுக்குத் தகுதி பெற, 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பே அங்கு வாழ்ந்தமையைக் காட்டவேண்டும். கால் நூற்றாண்டுக்கு முந்திய வாக்காளர் பட்டியலும், மின்கட்டண ரசீதும் இன்று ஒரு குடும்பத்தின் கூரையைத் தீர்மானிக்கின்றன. மழையில் நனைந்து போன தாளுக்கு ஈடாக வாய்மொழி நிற்பது அரிது. முப்பதாண்டு முன்னர் அதனைப் பத்திரப்படுத்துமாறு யாரேனும் சொல்லியிருந்தால் என்று இன்று வருந்துவோர் பலர்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வரலாறு தரும் பாடம் யாது? நமக்கு மொழி புதிது, ஊர் புதிது, தெரிந்த மனிதர் சிலரே. வழக்கு வந்தபின் நல்ல பேச்சாளரைத் தேடி ஓடுவதினும், வருமுன் எழுத்தைச் செம்மைப்படுத்திக் கொள்வதே நமக்குப் பாதுகாப்பு. பொருள் விளங்காத பத்திரத்தில் கையொப்பமிடலாகாது. நம் மொழியில் படித்துக் காட்டுமாறு கேட்பதில் இழுக்கு இல்லை. ரசீதுகளையும் அட்டைகளையும் ஒரே இடத்தில் வைத்து, நகலொன்றை ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைத்தல் நன்று. நோட்டீஸ் வந்தால் அதனை வாங்க மறுப்பதும், வாங்கிப் பெட்டியில் வைத்து மறப்பதும் கேட்டையே தரும். அதிற்குறித்த தேதிக்குள் பதில் செல்லவேண்டும்.

கட்டணத்துக்கு வழியில்லையே என்று தயங்குவோர் ஒன்றை அறிதல் வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோரும், குறித்த வரம்புக்குட்பட்ட வருவாய் உடையோரும் இலவசமாக வழக்கறிஞர் உதவி பெறலாம். மாவட்டம்தோறும், உயர்நீதிமன்றம்தோறும், உச்சநீதிமன்றத்திலும் இதற்கான குழுக்கள் இயங்குகின்றன. இது யாரோ அளிக்கும் தருமமன்று. சட்டம் வகுத்த உரிமை. இதனையறியாமல் கடன் வாங்கி வழக்காடுவோரும், வழக்காடாமலே உரிமையை விட்டுக்கொடுப்போரும் நம்மிடையே உளர். நேயர்கள் இச்செய்தியைத் தம் அக்கம்பக்கத்தார்க்கும் எடுத்துச் சொல்வார்களாயின், அதுவும் ஒருவகையில் பிறர்க்காக நிற்கும் பணியே ஆகும்.